அஞ்சாவது அணி

(பொங்கல் விளையாட்டுகள் முடிந்த பிறகு பரவையில் நம் இளைஞர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

ஒரு அணிக்கு 'மீதிப் பேர்' என்று பெயர் வைத்தால் அந்த அணி எப்படி ஆடும்? கற்பனையாகக் கேட்கவில்லை. அப்படி ஒரு அணி இருந்தது. பம்பாயில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்த வருசங்களில் ஆடியது, தோற்றது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி ரெஸ்ட்'. மத்தவங்களெல்லாம் போக மிச்சம் இருக்கிறவன் என்று அர்த்தம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபிறகு, "மீதிப் பேரெல்லாம் வந்து உக்காருங்கப்பா" என்று ஒரு குரல் வருமே, அந்த மீதி.

பம்பாயில் கிரிக்கெட் போட்டியே மதம் பார்த்துத்தான் வளர்ந்தது. 1892-லிருந்து பார்சிகளும் ஐரோப்பியர்களும் ஆண்டுதோறும் மோதினார்கள். 1907-ல் இந்துக்கள் சேர்ந்தார்கள். 1912-ல் முஸ்லிம்கள் சேர்ந்தார்கள். அதோடு நான்கு அணிகள். கால் நூற்றாண்டு அந்த நான்கும் ஆடின. 1937-ல்தான் அஞ்சாவதாக ஒரு அணியைச் சேர்த்தார்கள். இந்தியக் கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியர், யூதர் என்று அந்த நான்கிலும் அடங்காத எல்லாரையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டார்கள். சாக்குக்குப் பெயர் வேண்டுமே? யோசிக்கிற சிரமம்கூட யாரும் படவில்லை. 'மீதி' என்று வைத்துவிட்டார்கள்.

நாலு பேர் போக அஞ்சாவது. இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா? நாலு வர்ணத்துக்கு வெளியே நின்றவனுக்குப் 'பஞ்சமன்' என்று பெயர் வைத்த நாடு இது. பஞ்சமன் என்றால் அஞ்சாமத்தவன். அவனுக்கென்று ஒரு பெயர் கிடையாது. வரிசை எண்தான் பெயர். அந்த எண்ணைத் தூக்கி எறியத்தான் 1922-ல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா தீர்மானம் கொண்டுவந்தார். 'ஆதிதிராவிடர்' என்று அரசு ஏடுகளில் எழுத வேண்டியதாயிற்று. பெயர் என்பது சின்ன விசயமில்லை தோழர்களே. யார் பெயர் வைக்கிறானோ அவன்தான் வரிசையையும் போடுகிறான்.

நான் பேங்க்கில் வேலை பார்க்கிறவன். எந்தத் தலைப்பிலும் சேராத பணம் வந்தால் 'சண்டிரீஸ்' என்று ஒரு கணக்கு உண்டு, அதில் போட்டு வைப்போம். அங்கே கிடக்கிற பணம் செல்லாத பணம் இல்லை. யாரோ உழைத்த காசுதான். தலைப்புதான் இல்லை. தலைப்பு இல்லாததால் யாரும் அதைத் தன் பணம் என்று கேட்டு வருவதில்லை, அவ்வளவுதான். அந்த மீதி அணியும் இந்தியக் கிரிக்கெட்டின் சண்டிரீஸ் கணக்கு. அதைத்தான் இன்றைக்குப் பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மீதி அணியில் ஆடியவர்கள் தலித்துகள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். நம்மாட்கள் எந்த அணியில் இருந்தார்கள் என்பது இதைவிட வேடிக்கையான கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

போர்க் காலம். 1940 டிசம்பரில் காந்தி இந்த மதவாரிப் போட்டியை எதிர்த்து அறிக்கை கொடுத்தார். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம். அந்த வருசம் போட்டி நடக்கவில்லை. 1943-ல் மறுபடி நடந்தது. எந்த 1943? வங்காளத்தில் முப்பது லட்சம் பேர் வரை பஞ்சத்தில் செத்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்களே, அந்த 1943. கல்கத்தாத் தெருவில் கஞ்சித் தண்ணி கேட்டு ஜனங்கள் விழுந்து கிடக்க, பம்பாய் பிராபோர்ன் மைதானத்தில் ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இதையும் சேர்த்துத்தான் அந்த ஆட்டத்தைப் படிக்க வேண்டும்.

டிசம்பர் மாதம். இறுதி ஆட்டம். இந்துக்களும் மீதிப் பேரும். இந்து அணி ஐந்து விக்கெட்டுக்கு 581 ரன் எடுத்து, போதும் என்று நிறுத்திக்கொண்டது. விஜய் மெர்ச்சன்ட் மட்டும் ஆட்டமிழக்காமல் 250. மீதி அணி முதல் இன்னிங்ஸில் 133-க்குச் சுருண்டது. "திரும்பி வந்து ஆடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஃபாலோ ஆன்.

இரண்டாவது இன்னிங்ஸில் மீதி அணி எடுத்தது 387. அதில் ஒரே ஒருத்தர் எடுத்தது 309. அவர் பெயர் விஜய் ஹசாரே. சாங்லியில் பிறந்த மராத்திக் கிறிஸ்தவர். நூற்றுக்கு எண்பது ரன் ஒரே ஆள் மட்டையிலிருந்து. அத்தனையும் எடுத்து என்ன ஆச்சு? ஒரு இன்னிங்ஸும் 61 ரன்னும் வித்தியாசத்தில் மீதி அணி தோற்றது. 309 எடுத்தவன் தோற்ற கட்சி.

1937-லிருந்து 1946 தொடக்கம் வரை அந்த ஐந்தணிப் போட்டி எட்டு முறை நடந்தது. இந்துக்கள் நாலு தடவை ஜெயித்தார்கள். முஸ்லிம்கள் நாலு தடவை ஜெயித்தார்கள். மீதி அணி கோப்பையை ஒரு தடவைகூடத் தொடவில்லை. 1946-ல் நாடெங்கும் மதக் கலவரம்; அதன்பிறகு இந்தப் போட்டியையே இழுத்து மூடிவிட்டார்கள். கோப்பை இல்லாமலே முடிந்துபோன அணி அது.

ஏன் தோற்றார்கள்? ஆட்டம் தெரியாமலா? மற்ற அணிகளுக்குப் பின்னால் ஜிம்கானாக்கள் இருந்தன. கடற்கரையோரம் அரசாங்கம் கொடுத்த நிலம், பணக்காரப் புரவலர்கள், முப்பது வருசம் சேர்ந்தாடிய பழக்கம். மீதி அணி முப்பது வருசம் கழித்து வந்து வரிசையில் நின்றது. அங்கொருத்தர் இங்கொருத்தராகப் பொறுக்கிச் சேர்த்த ஆட்கள். டாஸ் போடுவதற்கு முன்னாடியே பாதி ஆட்டம் முடிந்திருந்தது. இட ஒதுக்கீடு பற்றி நம்மிடம் வாதாடுகிறவர்கள், "எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடலாமே" என்பார்கள். கோடு ஒண்ணுதான். ஆனா வயிறு ஒண்ணா? காலுல கிடக்கிறது ஒண்ணா?

சரி, நம்மாட்கள் எங்கே இருந்தார்கள்?

நம்மாள் இந்து அணியில் இருந்தார்! பல்வாங்கர் பாலூ. 1876-ல் தார்வாடில் பிறந்தவர். சமார் சாதி, நம் பக்கம் சக்கிலியர் என்று சொல்லி ஒதுக்குகிறார்களே, அதைப்போலத் தோல் வேலையோடு கட்டிப்போடப்பட்ட சாதி. அப்பா பட்டாளத்தில் வேலை பார்த்தவர். பாலூ புனேயில் பார்சிகளின் கிளப் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கினார். மாதம் மூன்று ரூபாய். அப்புறம் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் நான்கு ரூபாய். அங்கே ஆடுதளத்தை உருட்டி, வலை கட்டி, பிறகு துரைகளுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசினார். இடது கைச் சுழல் பந்து. மணிக்கணக்காக வீசினார். மட்டையை மட்டும் கையில் கொடுக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு. மட்டை பிடிப்பது அந்தஸ்து. உழுகிறவன் ஒருத்தன், களத்துமேட்டில் உட்கார்ந்து நெல் அளக்கிறவன் ஒருத்தன் என்கிற ஏற்பாடு பதினொரு பேர் ஆட்டத்துக்குள்ளேயும் நுழைந்துவிட்டது.

புனே இந்து அணி வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும். பாலூ இல்லாமல் முடியாது. ஆகவே சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அதே பந்தைத்தான் எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. பாலூவுக்கு வெளியே நிற்க வைத்து மண் குவளை. குடித்துவிட்டுப் போட்டு உடைக்கிற குவளை. தோழர்களே, நம் மாவட்டத்து டீக்கடைகளில் தனிக் கிளாஸ் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அது ஒரு டீக்கடைக்காரன் கண்டுபிடித்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன். படித்தவன், பட்டம் வாங்கினவன், வெள்ளை பேண்ட் போட்டவன் எல்லாம் சேர்ந்து செய்த ஏற்பாடு அது.

1911-ல் முதல்முறையாக ஒரு அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. தலைவர் யார்? பாட்டியாலா மகாராஜா. வயசு 19. அந்தக் கோடையில் லண்டனில் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. மகாராஜாவுக்கு விருந்தும் விழாவுமே சரியாக இருந்தது. சில ஆட்டங்களே ஆடினார். அணி மொத்தம் 23 ஆட்டம் ஆடி, 6-ல் ஜெயித்து, 15-ல் தோற்று, 2 சமன் செய்து திரும்பியது. முதல்தர ஆட்டங்கள் மட்டும் பார்த்தால் 14-ல் 10 தோல்வி. லீசெஸ்டர்ஷயர், சாமர்செட் இரண்டிடம் மட்டும் வெற்றி. படுதோல்வி என்றே அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே பேரேட்டில் இன்னொரு பத்தியைப் பாருங்கள். பாலூ: 114 விக்கெட். சராசரி 19-க்கும் கீழே. வயசு 35. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட். கூடவே அவர் தம்பி ஷிவ்ராமும் ஆடினார். ஆக, அணி தோற்ற கணக்கில் நம்மாள் கணக்கு மட்டும் வரவிலேயே நிற்கிறது. தோல்விக்குத் தலைவராக மகாராஜா, வேலைக்குப் பாலூ. ஜெயித்திருந்தால் பட்டுத்தலைப்பாகைப் படம்தான் சுவரில் தொங்கியிருக்கும் என்பதில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?

ஊர் திரும்பிய பாலூவுக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்புக் கொடுத்தார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதி வாசித்தவர் அப்போது கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் என்று ராமச்சந்திர குஹா எழுதுகிறார். தோற்றுத் திரும்பிய அணியிலிருந்து நம் ஜனங்கள் தமக்கான ஆளைத் தனியே பிரித்தெடுத்து மாலை போட்டார்கள். பேரேட்டைப் படிக்கத் தெரிந்த ஜனங்கள்.

ஆனால் தலைமை? அதுதான் வரவில்லை. பாலூ இருக்கும்போதே வேறு ஆட்கள் இந்து அணிக்குத் தலைவர்கள் ஆனார்கள். 1913-ல் தலைவரான எம்.டி.பாய் தனக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, இந்தப் பதவி என் நண்பர் பாலூவுக்குப் போயிருக்க வேண்டியது என்று சொன்னார். அவர் பிராமணர். மனசாட்சியுள்ளவர்கள் எல்லா இடத்திலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மனசாட்சி பேசிவிட்டு உட்கார்ந்துகொண்டது. நாற்காலி அப்படியே இருந்தது. 1920-ல் இளைய தம்பி விட்டலுக்கு வரவேண்டிய தலைமை இன்னொருவருக்குப் போனபோது ஷிவ்ராமும் விட்டலும், "ஆட மாட்டோம்" என்று வெளியேறினார்கள். பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். பிறகு சமாதானம் பேசி அழைத்தார்கள். பாலூவைத் துணைத் தலைவர் ஆக்கினார்கள். 1923-ல் விட்டல் தலைவர் ஆனார். அந்த வருசம் கோப்பையும் வந்தது. சும்மா கொடுக்கவில்லை தோழர்களே. வெளியேறின பிறகுதான் கொடுத்தார்கள். இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலூவின் பிற்கால அரசியல் நமக்குக் கசப்பானது. அதை மறைக்கப் போவதில்லை. 1932 புனா ஒப்பந்தக் காலத்தில் அவர் எம்.சி.ராஜாவோடு சேர்ந்து காந்தி பக்கம் நின்றார். தனித்தொகுதி வேண்டாம், கூட்டுத் தொகுதியே போதும் என்றார்கள் இருவரும். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அம்பேத்கரை எதிர்த்து நிறுத்திய ஆள் பாலூ. அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு. பாலூவுக்கு 11,225. ஒரு காலத்தில் வரவேற்பு மடல் எழுதியவர் கையால் தோற்றார். பாலூவைத் துரோகி என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனசில்லை. உள்ளே போய் உழைத்துக் காட்டினால் ஒருநாள் பீங்கான் கோப்பை வரும் என்று வாழ்க்கை முழுக்க நம்பியவர். தம்பிக்கு வரவும் செய்தது. அம்பேத்கரோ, கோப்பை யார் கையில் இருக்கிறது என்று கேட்டவர். இரண்டு பேரும் ஒரே தேநீர் இடைவேளையிலிருந்து கிளம்பிய இரண்டு பாதைகள்.

இதே போர்க் காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே கிரிக்கெட் இல்லை, பேஸ்பால். காசு கொடுத்து ஆட்களை வைத்து ஆடுகிற பெரிய தொழில். வாலிபர்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். ஆளுக்கு அடிபிடி. 1944-ல் சின்சினாட்டி அணி 15 வயசுப் பையன் ஒருத்தனைப் பந்து வீச இறக்கியது. 1945-ல் செயின்ட் லூயிஸ் அணி பீட் கிரே என்பவரை ஆட வைத்தது. அவருக்கு ஒரு கைதான். ஒற்றைக் கையால் மட்டை வீசி 77 ஆட்டம் ஆடினார். அவரை நான் வணங்குகிறேன். அந்தப் பையனையும் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறே. பதினைஞ்சு வயசுப் பையனுக்கு இடமுண்டு, ஒத்தக் கைக்காரருக்கு இடமுண்டு, ரெண்டு கையும் உரமா இருக்கிற கறுப்பனுக்கு ஏன் இடமில்லை?

பிலடெல்பியா என்று ஒரு நகரம். அங்கே பிலீஸ் என்று ஒரு வெள்ளை அணி. 1942-ல் அந்த அணி 151 ஆட்டத்தில் 109 தோற்றது. 1945-ல் 154-ல் 108 தோற்றது. கடைசி இடம். அதே நகரத்தில் ஸ்டார்ஸ் என்று கறுப்பர்களின் தொழில்முறை அணி ஆடிக்கொண்டிருந்தது. அதே நகரத்தில் பிறந்து, கறுப்பர் லீகில் ஆடிக்கொண்டிருந்தார் ராய் கேம்பனெல்லா. பின்னாளில் புரூக்ளின் அணிக்குப் போய், மூன்று வருசம் தன் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கியவர். வீட்டு வாசலில் வைரம் கிடக்கிறது. பிலீஸ் அணி குனிந்து எடுக்கவில்லை. நூற்றி ஒன்பது தோற்றாலும் தோற்போம், தொட மாட்டோம். 1947-ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி நிறச் சுவரை உடைத்தார். பிலீஸ் தன் முதல் கறுப்பு ஆட்டக்காரரை இறக்க மேலும் பத்து வருசம் எடுத்துக்கொண்டது, 1957.

சாதி என்றால் ஆதாயத்துக்காகச் செய்வது என்று சில தோழர்கள் பொருளாதாரம் மட்டும் பேசுகிறார்கள். ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நஷ்டத்துக்கும் அஞ்சாத வெறி அது. அறுவடை வீணாய்ப் போனாலும் சேரி ஆளைக் கூப்பிட மாட்டேன் என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டுக் கதிரைக் காய விட்ட ஊர்களை நாம் பார்த்ததில்லையா?

இன்னொன்றும் நடந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கப் பேஸ்பால் நிர்வாகம் பழைய கறுப்பர் லீகுகளையும் பெரிய லீகுகளாக ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் அந்தப் புள்ளிவிவரங்களைப் பொதுப் பேரேட்டில் சேர்த்தது. சேர்த்தவுடன் வாழ்நாள் மட்டை சராசரியில் முதலிடம் மாறிப்போனது. டை காப் என்கிற வெள்ளையர் இறங்கினார்; ஜாஷ் கிப்சன் என்கிற கறுப்பர் ஏறினார். கிப்சன் செத்து 77 வருசம் ஆகியிருந்தது. செத்தவருக்கு என்ன பிரயோசனம் என்பீர்கள். பிரயோசனம் அவருக்கில்லை. இனிமேல் படிக்கிற பிள்ளைகளுக்கு. ஆனால் ஒன்று: சண்டிரீஸில் கிடந்த தொகையைச் சரியான தலைப்புக்கு மாற்ற வேண்டுமானால் அன்றைக்கே யாரோ ஒருத்தர் வவுச்சர் எழுதி வைத்திருக்க வேண்டும். கறுப்பர்களின் பத்திரிகைகள் அந்த ஆட்டங்களின் ஸ்கோரை வாரந்தோறும் அச்சடித்து வைத்திருந்தன. அது இல்லையென்றால் கிப்சன் இல்லை.

இப்போது நம் விசயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் எதற்கு இந்தக் கூட்டத்தில் என்று பின்னால் இருக்கிற தம்பிகள் முணுமுணுப்பது கேட்கிறது.

இந்த வருசம் நம் காலனி அணி ஆடிய ஐந்து ஆட்டத்திலும் தோற்றது. கண்மாய்க் கரையில் டென்னிஸ் பந்து வைத்து ஆடுகிற ஆட்டம்தான். ஆனாலும் தோல்வி தோல்விதான். இரண்டு நாளாக ஒரு பேச்சு ஓடுகிறது. அணியைக் கலைத்துவிடலாம், நன்றாக ஆடுகிற மூன்று பேரை ஊர் அணிகளில் கூப்பிடுகிறார்கள், போகட்டும் என்று. "பந்து போட்டாப் போதும், பனியன் நாங்க தர்றோம்னு சொல்றாய்ங்கண்ணே" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். ஆசையாகத்தான் சொன்னான். அந்த ஆசையைத் தப்பென்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் இன்னொரு ஊரில் நடந்ததும் நமக்குத் தெரியும். பெயர் வேண்டாம். நம் பையன் ஒருத்தன் போய் அவர்களுக்காகப் பந்து வீசினான். ஜெயித்துக் கொடுத்தான். கோப்பை கொடுத்த மேடை கோயில் வாசலில். பையன் மேடைக்குக் கீழே நின்று கைதட்டினான். மண் குவளை போய்விட்டது, மேடை வந்துவிட்டது.

பந்து வீசலாம், தலைவனாகக் கூடாது. இதை வெறும் விளையாட்டு விசயம் என்று நினைக்காதீர்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நம் மாவட்டம்தான். 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவியைத் தலித்துக்கு ஒதுக்கினார்கள். 2006 வரை பத்து வருசம் ஒரு தலித்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆள விடவில்லை. ஜெயித்தவன் உடனே ராஜினாமா செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மேலவளவில் ராஜினாமா செய்ய மறுத்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று கூட இருந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். நாலு ரூபாய்ச் சம்பளத்துக்குப் பந்து வீசியவருக்குத் தலைமை தராத அதே புத்திதான் இங்கே அரிவாள் எடுத்தது. மைதானம் பழகிக்கொள்கிற இடம். கேப்டன் என்று நம்மவனைக் கூப்பிட்டுப் பழகாத வாய், தலைவர் என்று எப்படிக் கூப்பிடும்?

ஆகவே என் கருத்து இது. போகிற தம்பிகள் போகலாம். போகும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். "எப்பண்ணே நான் கேப்டன்?" பதில் வராவிட்டால் ஷிவ்ராமும் விட்டலும் செய்ததைச் செய்யுங்கள். திரும்பி வருவதற்கு ஒரு அணி இருந்தால்தானே வெளியேற முடியும்? அதற்காகவே நம் அணி இருக்க வேண்டும். தோற்றாலும் இருக்க வேண்டும்.

அப்படியானால் நீங்களும் சாதிக்கு ஒரு அணி கட்டச் சொல்கிறீர்களா, பம்பாய்க்காரன் மதத்துக்கு ஒன்று கட்டியது போல, என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மதவாரிப் போட்டி எங்கே கொண்டுபோய் விட்டது என்று 1946-ம் 1947-ம் காட்டின. ஆனால் அந்த ஐந்து அணிகளில் எந்தச் சாமி பெயரும் எந்த இனத்தின் பெயரும் இல்லாத அணி ஒன்றே ஒன்றுதான். மீதி அணி! வந்தவன் எவனையும் நீ யார் என்று கேட்டு அனுப்ப முடியாத அணி. நம் அணியும் அப்படி இருக்கட்டும். ஊரில் இடமில்லாத எவனும் வரலாம். பந்து பொறுக்கப் போட்டிருக்கிற நாவிதர் வீட்டுப் பையன், வண்ணார் வீட்டுப் பையன், பிழைக்க வந்து மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வடக்கத்திப் பையன், யார் வேண்டுமானாலும். மீதி என்று அவர்கள் வைத்த பெயரை நாம் கதவு ஆக்கிக்கொள்வோம்.

ஹசாரே கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. 309-ஐப் பற்றிச் சொன்னேன். எதிர்முனையில் நின்றது யார் என்று சொல்லவில்லை. அவர் தம்பி விவேக் ஹசாரே. அண்ணனும் தம்பியும் சேர்ந்து 300 ரன் எடுத்தார்கள். அதில் தம்பியின் பங்கு 21. இருபத்தொன்றுதான். மற்ற ஒன்பது பேரும் உதிரி ரன்களும் சேர்ந்து 57. எந்தப் பத்திரிகையும் இருபத்தொன்றைத் தலைப்பில் போடாது. ஆனால் அந்தத் தம்பி அங்கே அவுட்டாகாமல் நிற்கவில்லை என்றால் 309 கிடையாது. எதிர்முனையில் ஆள் இல்லாமல் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் ஒரு ரன்கூட எடுக்க முடியாது. அது இந்த ஆட்டத்தின் சட்டம். நம் இயக்கத்துக்கு 309 எடுக்கிறவர்களைத் தேடித் தேடி அலுத்துவிட்டோம். தலைவர்களுக்குக் குறைவில்லை. எனக்கு வேண்டியது இருபத்தொன்று. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகும்போது கூட வந்து நிற்கிறவன். கோர்ட்டில் சாட்சி சொல்ல நாலாவது வாய்தாவுக்கும் வருகிறவன். ராத்திரி விடுதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அக்கா. அவுட்டாகாமல் நிற்கிறவர்கள்.

அந்த ஹசாரே என்ன ஆனார்? 1948 ஜனவரியில் அடிலெய்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். டெஸ்டில் அப்படிச் செய்த முதல் இந்தியர். அந்த ஆட்டமும் இன்னிங்ஸ் தோல்வி! 1952 பிப்ரவரியில் நம் சென்னையில், சேப்பாக்கத்தில், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அடைந்தது. இருபது வருசம், இருபத்தைந்தாவது டெஸ்ட். இங்கிலாந்துக்கு இன்னிங்ஸ் தோல்வி. இந்திய அணித் தலைவர், கோப்பையே தொடாத அந்த அஞ்சாவது அணியிலிருந்து வந்த விஜய் ஹசாரே. இதைச் சொல்லி "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று உங்களுக்குத் தாலாட்டுப் பாடப் போவதில்லை. பாலூவும் பொறுத்தார், 1955-ல் செத்துப்போகும்வரை இந்து அணியின் தலைவர் என்கிற பெயர் அவருக்கு வரவில்லை. பொறுமை தானாக எதையும் ஆளாது. நான் சொல்வது இவ்வளவுதான்: தோற்ற அணியிலிருந்தும் தலைவர்கள் வருவார்கள், அணி என்று ஒன்று இருந்தால்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். இந்த வருசம் ஐந்து ஆட்டம் தோற்றீர்களே, யார் எத்தனை ரன், யார் எத்தனை விக்கெட் என்று ஒருத்தராவது எழுதி வைத்தீர்களா? இல்லை. "தோத்ததை எதுக்குண்ணே எழுதணும்" என்கிறீர்கள். பாலூவின் 114 தோற்ற கணக்கில்தான் இருக்கிறது. ஹசாரேயின் 309 தோற்ற கணக்கில்தான் இருக்கிறது. விவேக்கின் 21-ம் அங்கேதான் இருக்கிறது. ஜெயித்தவன் கணக்கை ஊரே எழுதும். தோற்றவன் கணக்கைத் தோற்றவன்தான் எழுத வேண்டும்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். நாற்பது ஐம்பது ரூபாய் ஆகும், நான் தருகிறேன். ஆட்டத்துக்கு ஒரு பக்கம். தேதி, இடம், யாரோடு, எத்தனை. யார் அவுட்டாகாமல் நின்றது என்று ஒரு பத்தி தனியாகப் போடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குக் கேப்டன் யார் என்பதை இங்கேயே, இப்போதே, கையைத் தூக்கி முடிவு செய்துவிட்டுக் கலையலாம்.